வலக்கைக் கடிகாரம்

படத்தில் இருந்த ஆளுக்கு முகம் இல்லை. முதுகு இருந்தது. முதுகுக்கு மேலே ஒரு பின்மண்டை, அந்தப் பின்மண்டையின் நடுவில் தேநீர்க் கோப்பையைத் தூக்கியபின் மேசையில் நிற்குமே ஒரு தடம், அதுபோல வட்டமாக ஒரு வழுக்கை. வலது மணிக்கட்டில் கடிகாரம். ஒரு மேசைக்கு முன்னால் சற்றுக் குனிந்து நின்றான். கையில் என்ன வைத்திருக்கிறான் என்று தெரியவில்லை. அந்த இடத்தில் சிவப்பாக ஒரு திட்டு மட்டும் போட்டிருந்தது. மற்றதெல்லாம் சாம்பல் நிறம்.

ஆய்வாளர் டேப்லெட்டைத் தொடவில்லை. தொட்டால் ரேகை விழும் என்பது அவருக்குத் தொழில்முறையில் தெரியும். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, மனைவி சாப்பாட்டு மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போன திரையை, நசுங்கிய காரைச் சுற்றிவருவது போல ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

ஆய்வாளர் என்றதும் போலீஸ் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி நினைத்தால் அவர் திருத்தப்போவதில்லை என்பது வேறு விஷயம். இன்சூரன்ஸ் கம்பெனியில், இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் நிஜமாகவே இழந்தார்களா என்று துருவிப் பார்க்கிற வேலை. தொலைபேசியில் "ஆய்வாளர் பேசுறேன்" என்று சொல்லிச் சற்று இடைவெளி விடுவார். மறுமுனையில் ஒருவர் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டால் அன்றைய பொழுது அவருக்கு இனிதே கழியும். கடை எரிந்தால் கடைக்காரரே கொளுத்தினாரா என்று பார்ப்பார். ஒருவர் படியில் விழுந்தால், விழுந்தாரா, வாகாகப் படுத்துக்கொண்டாரா என்று பார்ப்பார். அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அது அவர் காதிலும் விழுந்திருந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்தத் திறமையை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்ததில்தான் வம்பு. போன வருஷம் மனைவியின் போனைக் குடைந்துகொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடிபட்டார். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"இன்னொரு தடவை என்னைச் சோதனை போட்டீங்கன்னா, எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். கூப்பிட வராதீங்க. வந்தாலும் நான் கிளம்ப மாட்டேன்."

சொன்னதைச் செய்கிறவள். மாடி வீட்டுப் பெண் ஒருத்தி இவளைப் பற்றி ஒரு சொல் சொன்னதற்கு, அந்தப் பெண்ணோடு லிஃப்டில் ஏறுவதைக்கூட நிறுத்தி, மூட்டுவலியோடு படியேறுகிறவள். ஆய்வாளர் நெஞ்சில் கைவைத்து வாக்குக் கொடுத்தார். காப்பாற்றவும் செய்தார். அதாவது, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளுடைய கைப்பைக்குள் புதிதாக ஏதோ பொட்டலம் புடைத்துக்கொண்டிருந்ததே என்று ஜிப்பைத் திறந்து பார்த்ததைத் தவிர. பொட்டலத்தில் இருந்தவை டேப்லெட் பேனாவுக்கான முனைகள். ஜிப்பை முன்பு எந்த இடத்தில் நின்றதோ அதே இடத்துக்கு இழுத்து வைத்தார். யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காத சோதனை சோதனைக் கணக்கில் சேராது என்பது அவர் சட்டம்.

இப்போது இந்தப் படம்.

மனைவி சில மாதமாக வார இறுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கும் டிஜிட்டல் ஓவிய வகுப்புக்குப் போகிறாள். சொல்லிக் கொடுக்கிறவர் எதிர் வீட்டுக்காரர், தனிக்கட்டை. வகுப்பில் ஒரே சட்டம்: படம் சொந்தமாக இருக்க வேண்டும். நெட்டிலிருந்து உருவக் கூடாது, போட்டோ மேல் கோடு இழுக்கக் கூடாது, நேரில் நின்று கண்ணால் பார்த்த காட்சியைத்தான் வரைய வேண்டும். முதல் நாள் வந்து இதை அவள் பெருமையாகச் சொன்னபோது ஆய்வாளரும் "நல்ல சட்டம்" என்று தலையாட்டியிருந்தார். அந்தச் சட்டத்தை இப்போது ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்த்தார்.

நேரில் நின்று. கண்ணால் பார்த்து. யாருடைய முதுகை?

அறையைப் பார்த்தார். படத்தில் மேசைக்கு வலப்புறம் ஜன்னல், இடப்புறம் கதவு. அவர் வீட்டு ஹாலில் ஜன்னல் இடப்புறம், கதவு வலப்புறம். ஆக, இது அவர் வீடு இல்லை. ஆனால் ஜன்னல் கம்பியும் கதவின் மேல் கண்ணாடியும் அச்சாக அவர் வீட்டுடையவை. அந்தக் கட்டடத்தில் எதிரெதிர் வீடுகளை ஒன்றை இன்னொன்றின் கண்ணாடி பிம்பம் போல இடவலம் மாற்றிக் கட்டியிருந்தார்கள். எதிர் வீட்டுக்காரர் இடக்கைப் பழக்கம் உள்ளவர், கடிகாரத்தை வலது கையில் கட்டுகிறவர்.

ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை சீக்கிரம் துப்புத் துலங்கிய வழக்கு அவர் வாழ்க்கையிலேயே இல்லை.

சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"வகுப்புல இப்ப என்ன படம் போயிட்டிருக்கு?"

"ஒரு ஆளு."

"எந்த ஆளு?"

"ஆளு மாதிரி ஒரு ஆளு. சாப்பிடுங்க, ஆறிப்போவுது."

"முகம் போட மாட்டியா?"

அவள் நிமிர்ந்தாள். "முகம் போடலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவருக்குப் புரையேறியது. தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

"இல்ல... முகம் வரையுறது கஷ்டம்னு சொன்னியே."

"நான் எப்ப சொன்னேன்?"

"பொதுவா சொல்றாங்க."

"ஓ, பொதுவா" என்றாள் அவள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எதிர்க்கேள்வி கேட்காதவர்களை ஆய்வாளர் எப்போதுமே தனிக்கோப்பில் போடுவார்.

மறுநாள் காலை எதிர் வீட்டு மணியை அழுத்தினார்.

அந்த ஆசிரியரைக் கட்டடத்தில் சமநிலை சார் என்பார்கள். லிஃப்டில் ஏறினால், "எடை இந்தப் பக்கம் கூடுது, ஒருத்தர் அந்தப் பக்கம் நகருங்க" என்பார். யார் வீட்டு வாசலிலாவது செருப்பு ஒரே பக்கமாகக் குவிந்திருந்தால் நின்று பெருமூச்சு விடுவார். வெயிலோ மழையோ, கறுப்புக் கம்பளித் தொப்பி ஒன்று தலையோடு பிறந்தது போல ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தொப்பிதான் இப்போது ஆய்வாளரின் பிரச்சினை. அதன் அடியில் ஒரு வட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் வழக்கு முடிந்தது.

"எங்க பாத்ரூம் சுவர் ஈரமா இருக்கு சார். உங்க பக்கத்துல இருந்து கசியுதோன்னு பார்க்க வந்தேன்."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் படிக்கட்டும் லிஃப்டும் இருக்கின்றன. ஈரம் அவற்றைத் தாண்டி வருவதென்றால் டிக்கெட் எடுத்துத்தான் வர வேண்டும். இதைச் சமநிலை சார் யோசித்திருக்கலாம். அவர் கலைஞர், அந்த மாதிரி வேலைகளில் இறங்குவதில்லை.

"வாங்க, வாங்க. ஈரம்ங்கிறது என்ன? சுவர் தன்னோட மௌனத்தைக் கலைக்குது."

"கலைக்கட்டும் சார். எங்க சுவர்ல வேண்டாம்."

ஆய்வாளர் ஹாலை ஒரு வீச்சில் அளந்தார். வலப்புறம் ஜன்னல். இடப்புறம் கதவு. நடுவில் மேசை. எல்லாம் சரி. ஆசிரியர் வலது கையை அசைத்துப் பேச, அதில் கடிகாரம் மின்னியது. அதுவும் சரி.

"வீட்டுக்குள்ளயும் தொப்பியா சார்?"

"மேலேருந்து விழுற வெளிச்சம் கண்ணுல பட்டா நிறம் பொய் சொல்லும்."

"குளிக்கும்போது?"

"என்ன கேட்டீங்க?"

"குளிக்கிற இடத்துல ஈரம் இருக்கான்னு கேட்டேன். அந்தக் குழாய்க்கு அடியில கொஞ்சம் குனிஞ்சு பாருங்களேன்."

ஆசிரியர் குனிந்தார். தொப்பி குனியவில்லை, அதாவது, நகரவில்லை. ஆய்வாளர் அவர் பிடரிக்கு மிக அருகே போய் எட்டிப் பார்த்தார். காதோரத்தில் மயிர் தெரிந்தது. நடுமண்டை விஷயத்தில் காதோர மயிர் சாட்சி சொல்லாது.

"உங்க வீட்டம்மா அபாரமா வரையுறாங்க" என்றார் ஆசிரியர், குழாயைப் பார்த்தபடி. "ஒரு முதுகு வரைஞ்சிட்டிருக்காங்க பாருங்க, அது வெறும் முதுகு இல்ல."

"யாரோட முதுகு?"

"அதை நான் கேட்கிறதில்லை. அது கலைஞன் கேட்கக் கூடாத கேள்வி."

தெரியாதவர்கள் தெரியாது என்பார்கள், தெரிந்தவர்கள்தான் "அதை நான் கேட்கிறதில்லை" என்பார்கள் என்று ஆய்வாளர் கட்டடத் தீ, வாகன மோதல் இரண்டிலும் பார்த்திருந்தார். வீடு திரும்பினார். பாத்ரூம் சுவர் காய்ந்துதான் கிடந்தது. மனைவி கேட்டால் காட்ட வேண்டுமே என்று ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து அதன்மேல் ஊற்றினார்.

அடுத்த வகுப்புக்கு அவரே அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டார். விட்டவர் கிளம்பவில்லை.

"நானும் ஒரு ஓரமா உட்கார்ந்துக்கிறேன். இதையெல்லாம் நாமளும் தெரிஞ்சுக்கணும் இல்லையா?"

"உங்களுக்கா?" என்றாள். பிறகு, "உட்காருங்க. யார் வேணாம்னது" என்றாள்.

பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறை. பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பஸ் டிரைவர் ஒருவர், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், இன்னும் சிலர். சமநிலை சார் பாடத்தைத் தன் வாழ்க்கை வரலாற்றிலிருந்து தொடங்கினார். பாதி நேரம் அதிலேயே போயிற்று. மீதியில் வடிவமைப்பு விதிகள் வந்தன.

"முதன்மைப் புள்ளி. படத்துல நீங்க எதை மறைக்க முடியாம தவிக்கிறீங்களோ, கண்ணு அங்கதான் முதல்ல போகும்."

மறைக்க முடியாமல். ஆய்வாளர் மனதில் குறித்துக்கொண்டார். மனைவியின் படத்தில் கண் முதலில் போகும் இடம் அந்தச் சிவப்பு. ஆணின் கையில் சிவப்பாக இருக்கக் கூடியது பூங்கொத்து, அல்லது பரிசுப்பெட்டி.

"வேறுபாடு. சாம்பலுக்கு நடுவுல ஒரே ஒரு நிறம். வாழ்க்கையே சாம்பலா இருக்கிறவங்களுக்குத்தான் அந்த ஒரு நிறத்தோட அருமை தெரியும்."

ஆய்வாளர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். சாம்பல்.

"வெற்றிடம். சொல்லாம விட்டதுதான் அதிகமா பேசும்."

சாப்பாட்டு மேசையில் அவள் சொன்ன அந்த 'ஓ, பொதுவா' ஞாபகம் வந்தது. எல்லா விதிகளும் ஒரே திசையில் கையைக் காட்டின. இவ்வளவு உபயோகமான பாடத்தை இன்சூரன்ஸ் கம்பெனியில் ஏன் சொல்லித் தருவதில்லை என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

ஆசிரியர் நடந்துகொண்டே அவர் வரிசைக்கு வந்தார். தொப்பியின் விளிம்பு லேசாகத் தூக்கியிருப்பதை ஆய்வாளர் கவனித்தார். கீழேயிருந்து பார்த்தால் தெரியும். சட்டென்று மேசைக்கு அடியில் இறங்கினார். அங்கே அவருக்குக் காணக் கிடைத்தவை ஆசிரியரின் காலுறைகள். ஒன்று நீலம், ஒன்று பழுப்பு. காலுறை விஷயத்தில் மட்டும் சமநிலை கிடையாது போலும். மேலே பாடம் நடந்துகொண்டிருந்தது.

"...ஒரே படத்தைப் பார்த்துப் பார்த்து நம்ம கண்ணு மரத்துப்போயிடும். அதனால அப்பப்ப இட வலமா திருப்பிப் போட்டுப் பாருங்க. ஒரு பொத்தான்தான். எடை எந்தப் பக்கம் சாயுதுன்னு உடனே தெரியும். பார்த்த பிறகு மறக்காம மறுபடியும் நேரா திருப்பிடணும். போன வருஷம் பாதிப் பேர் மறந்துட்டாங்க."

ஆய்வாளர் காதில் இது விழவில்லை. தலை மேசையில் இடித்துக்கொண்டதில் காது கொஞ்ச நேரம் ரீங்காரமிட்டது.

"என்னங்க தேடுறீங்க?" மனைவி குனிந்து பார்த்தாள்.

"பேனா."

"சட்டைப் பையில இருக்கு."

அவர் பேனாவோடு எழுந்தார். அவள் திரையை அவர் கண்ணில் படாதபடி தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

அதிலிருந்து வீட்டிலும் அப்படியே. அவர் ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் கண்ணாடியில் பேனா உரசும் சத்தம் கேட்கும். திரும்பினால் நின்றுவிடும், திரை அணைந்திருக்கும், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் மறுபடி செய்தித்தாளுக்குப் போனதும் உரசல் ஆரம்பிக்கும். என் முதுகுக்குப் பின்னாலேயே நடக்கிறது, என் வீட்டிலேயே நடக்கிறது என்று அவர் பொருமினார். டேப்லெட்டைத் திறந்து பார்க்கக் கை பரபரத்தது. ஆனால் திறந்தால் சோதனை. மாட்டினால் அக்கா வீடு. பல்லைக் கடித்துக்கொண்டு கண்காட்சி நாளுக்குக் காத்திருந்தார். அன்றைக்கு எல்லாருடைய படத்தையும் பெரிதாக அச்சடித்து மாட்டப்போகிறார்கள். ஊரறியச் சுவரில் தொங்குகிற படத்தைப் பார்ப்பதற்குச் சோதனை என்று யாரும் பெயர் வைக்க முடியாது.

கண்காட்சி அன்று பள்ளிக்கூட ஹாலில் நல்ல கூட்டம். மனைவி தோளில் கைப்பையை மாட்டிக்கொண்டு நர்சம்மாவோடு முன்னால் போய்விட்டாள். ஆய்வாளர் பதற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் வாசலிலிருந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். டிரைவரின் படத்தில் ஒரு பேருந்து நிறுத்தம். அதற்குப் பின்னால் இருந்த கடையின் பெயர்ப்பலகை எழுத்தெல்லாம் தலைகால் புரியாமல் புரண்டு கிடந்தது. பேருந்தின் கதவும் தப்பான பக்கம்.

"என்னங்க இது? இத்தனை வருஷமா பஸ் ஓட்டுறீங்க, கதவு எந்தப் பக்கம்னு தெரியாதா?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "அதுங்களா... எடை பார்க்க இட வலமா திருப்பிப் போட்டேன். மறுபடி திருப்ப மறந்தாச்சு. அச்சாகி வந்தப்புறம்தான் பார்த்தேன். இங்க பல பேர் படம் அப்படித்தான் தொங்குது. திருப்பித் திருப்பிப் பார்த்து, எது நேர்னு எங்களுக்கே குழம்பிப்போயிடுது."

"நல்லாத்தான் போங்க! ஜனங்க எல்லாம் ரோட்டு நடுவுலதான் இறங்கணும்" என்று ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். ரொம்ப நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு. அடுத்த படத்துக்கு நகர்ந்தார். சிரிப்பு அங்கேயே நின்றது.

அதுதான். சுவரில் பாதி உயரத்துக்கு. அதே முதுகு, அதே வழுக்கை, வலக்கையில் அதே கடிகாரம். கீழே ஒரு சீட்டில் தலைப்பு: 'சோதனை'. சிவப்புத் திட்டு இப்போது முழுசாக உருவம் பெற்றிருந்தது. பூங்கொத்து இல்லை. பெண்கள் மாட்டுகிற கைப்பை ஒன்று, ஜிப் திறந்து, வாயைப் பிளந்துகொண்டு.

பையைக்கூட எதிர் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தார் ஆய்வாளர். அவருடைய மூளை அந்த மாதிரி. எதைப் போட்டாலும் ஏற்கெனவே இருக்கிற கோப்பில்தான் போய் விழும்.

படத்தின் முன்னால் சமநிலை சார் கூட்டம் சேர்த்து உரையாற்றிக்கொண்டிருந்தார்.

"இந்த முதுகைப் பாருங்க. குற்ற உணர்ச்சிக்கு முகம் எதுக்கு? தோள் போதும். இடப்பக்கம் வெற்றிடம், வலப்பக்கம் பாவம். என்ன ஒரு சமநிலை!"

"யாரோட முதுகு சார் அது?"

கூட்டம் விலகி ஆய்வாளருக்கு வழி விட்டது. ஆசிரியர் கண்ணை மூடித் திறந்தார்.

"அது எல்லாருடைய முதுகும்."

"எல்லாரும் வலது கையிலயா வாட்ச் கட்டுறாங்க?"

ஆசிரியர் தன் மணிக்கட்டை முதன்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். "நீங்க என்ன சொல்ல வர்றீங்க?"

"ஜன்னல் வலப்பக்கம். கதவு இடப்பக்கம். உங்க ஹால். நான் வந்து பார்த்திருக்கேன். தொப்பியைக் கழட்டுங்க."

"தொப்பியா? தொப்பி என்னோட அடையாளம்!"

"அடையாளத்துக்குத்தான் கேட்கிறேன். கழட்டுங்க."

"முடியாது. இது கலைக்கு நேர்ந்த..."

என்ன நேர்ந்தது என்று சொல்லி முடிப்பதற்குள் ஆய்வாளரின் கை நீண்டுவிட்டது. ஆசிரியர் தலையைப் பின்னுக்கு இழுத்தார். தொப்பி ஆய்வாளர் கையில் தங்கிவிட்டது.

உள்ளே அடைபட்டுக் கிடந்த முடி, விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் எழுந்து நின்றது. அடர்ந்த முடி. நடுமண்டை, பிடரி, எங்கும் ஒரு துளி இடைவெளி இல்லை. பாதிக்கு மேலே சாயக் கறுப்பு, கீழே வேரில் பளீரென்று வெள்ளை. வேறுபாடு என்ற விதிக்கு அந்த ஹாலில் அதைவிட நல்ல உதாரணம் எதுவும் மாட்டப்பட்டிருக்கவில்லை. ஆசிரியர் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார்.

ஆய்வாளர் தொப்பியோடு நின்றார். வழுக்கை இல்லை. அப்படியானால் யார்?

அப்போதுதான் மனைவியின் தம்பி, கையில் பிஸ்கட்டோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தான். படத்தை அண்ணாந்து பார்த்தான்.

"அடடே, மாமா! உங்களை அக்கா அப்படியே உரிச்சு வச்சிருக்கா! அந்த வழுக்கையைக்கூட விடலை!"

"எந்த வழுக்கை?"

"பின்னாடி இருக்கே."

"எனக்கு வழுக்கை கிடையாது."

கூட்டம் ஆள் ஆளாக நகர்ந்து, அவருக்குப் பின்பக்கம் போய் நின்றது. கொஞ்ச நேரம் ஆராய்ந்தது. கடைசியில் டிரைவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு மரியாதையாகச் சொன்னார். "இருக்குங்க."

ஆய்வாளரின் கை பின்மண்டைக்குப் போனது. வழுவழுவென்று இருந்தது. சலூனில் முடிவெட்டி முடித்துப் பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டுவார்கள். அப்போது அவருடைய மூக்குக்கண்ணாடி மேசையில் இருக்கும். மங்கலாகத் தெரிந்ததைப் பார்த்து "பிரமாதம்" என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் எத்தனையோ பேரின் பின்னால் போய்ப் பார்த்தவருக்குத் தன் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கவில்லை.

"வாட்ச்?" என்றார் ஈனக் குரலில். "எனக்கு இடது கையில..."

"அது திருப்பினதுங்க" என்றார் டிரைவர். "என் பஸ் கதவு மாதிரி."

ஜன்னல் இடம் மாறியது. கதவு இடம் மாறியது. எதிர் வீட்டு ஹால் அவர் கண் முன்னாலேயே திரும்பி அவருடைய ஹாலாக வந்து நின்றது. சனிக்கிழமை மத்தியானம். மேசை. பை. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி மனைவியின் தோளைப் பார்த்தார். சிவப்புப் பை. ஜிப் மூடியிருந்தது.

அவள் அவரைப் பார்க்கவில்லை. "திருப்பிப் போட மறந்துட்டேன் சார்" என்றாள், ஆசிரியரிடம்.

ஆசிரியர் கையை எடுக்காமலே, "பரவாயில்லை, இப்படியும் நல்லாத்தான் இருக்கு" என்றார். அன்றைக்கு அவர் பேசிய வாக்கியங்களில் அதுதான் மிகச் சின்னது. ஆய்வாளர் தொப்பியை அவரிடம் நீட்டினார். வாங்கி மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அங்கே யாரும் உரையாற்றவில்லை.

வண்டியில் வீடு திரும்பும் வழியில், சிக்னலில் நின்றபோது, ஆய்வாளர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டார்.

"எப்ப பார்த்த?"

"சமையலறை வாசல்ல நின்னுட்டிருந்தேன். டீ போடவான்னு கேட்க வந்தேன். ஜன்னல் வெளிச்சம் முதுகுல நல்லா விழுந்துச்சு. அதான் கூப்பிடலை."

"ஒண்ணும் சொல்லவே இல்லையே நீ."

"சொல்லியிருந்தா திரும்பியிருப்பீங்க. முதுகு கிடைச்சிருக்காது."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"அப்ப... அக்கா வீடு?"

"படம் முடியட்டும்னு இருந்தேன்" என்றாள்.

வீட்டு ஹாலில் கதவோரமாகப் பெட்டி தயாராக நின்றது. காலையில் கிளம்பும் அவசரத்தில் அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. இதுவே வேறு யார் வீடாகவாவது இருந்திருந்தால் பெட்டியின் எடையைக்கூடப் பார்வையாலேயே சொல்லியிருப்பார்.

"சாயங்கால பஸ்ஸுக்கு வர்றேன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன்."

ஆய்வாளர் வாயைத் திறந்தார். அன்று நடந்ததைச் சோதனை என்று கொள்ள முடியாது, பையின் வெளித்தோற்றத்தில் ஏற்பட்ட நியாயமான ஐயத்தின் அடிப்படையில், என்று ஓர் அறிக்கை தொண்டைவரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தார். அறிக்கை திரும்பிப் போய்விட்டது.

"தப்புதான்" என்றார்.

மற்றவர்களைப் பற்றி அவர் ஆயிரம் முறை எழுதிய சொல். வாயால் சொல்லும்போது நாக்கு புரள மறுத்தது.

அவள் பெட்டியைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தோளிலிருந்து பையைக் கழற்றி, மேசைமேல் வைத்து, ஜிப்பை இழுத்துத் திறந்தாள். டேப்லெட்டை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்க போய் நில்லுங்க. அதே இடம்."

"எதுக்கு?"

"இன்னொரு படம். இதுல நீங்க பையைத் தொடக் கூடாது. கை ரெண்டும் கீழ தொங்கணும். திரும்பக் கூடாது. நான் முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்னீங்கன்னா, வண்டி போயிடும்."

"திரும்பினா?"

"பெட்டி கதவுகிட்டதான் இருக்கு."

ஆய்வாளர் போய் நின்றார். இடப்பக்க ஜன்னல் வழியாக வெயில் தோளில் விழுந்தது. பின்னால் பேனா உரச ஆரம்பித்தது. எதிரே பை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே மடித்த காகிதம் ஒன்றின் மூலை எட்டிப் பார்த்தது. என்ன காகிதம்? ரசீதா? ரசீது என்றால் ஏன் மடிக்க வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் காகிதம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. திறந்துகொண்டார்.

கால் வலித்தது. பின்மண்டையில் அந்த வட்டம் மட்டும் தனியாகக் குளிர்ந்தது; அவள் பார்வை அங்கேதான் இருக்கிறதா?

உரசல் நின்றது.

முடித்துவிட்டாளா? எழுந்து போய்விட்டாளா? பெட்டி நகரும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பெட்டிக்குச் சக்கரம் உண்டு, போன மாதம் அவரே எண்ணெய் விட்டிருக்கிறார். அக்காவுக்குச் செய்தி அனுப்புகிறாளா? என்ன அனுப்புகிறாள்? திரும்பக் கூடாது என்றுதான் சொன்னாள். வேறு வழியாகப் பார்க்கக் கூடாது என்று நிபந்தனையில் இல்லை. ஆய்வாளர் இடது கையை, காற்று அசைப்பது போலத் தெரியட்டும் என்று, மிக மெதுவாக உயர்த்தினார். கடிகாரத்தின் கண்ணாடியை ஜன்னல் பக்கம் சாய்த்தார். அதில் சமையலறை வாசல் குட்டியாக வளைந்து வந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தால்...

"கையைக் கீழ போடுங்க" என்றது பின்னாலிருந்து குரல். "கண்ணாடி பளபளக்குது."

அவர் கை இறங்கியது. பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டது. தெருக்கோடியில் ஒரு பேருந்து திரும்பி, ஹாரன் அடித்து, நின்று, யாரையோ ஏற்றிக்கொண்டு போயிற்று. அது அந்த வண்டிதானா என்று பார்க்க ஜன்னல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆய்வாளர் மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சற்றுப் பொறுத்து, பின்னால் பேனா மறுபடியும் உரச ஆரம்பித்தது.